ஒருசாலை மாணாக்கர் ஒரு பந்தியில்

ஓராசிரியரிடத்தே உடனிருந்து கற்றவர்களை ஒருசாலை மாணாக்கர் என்பது தமிழ் வழக்கு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியருக்கு ஒருசாலை மாணாக்கர் என்று கூறுவர். நன்னூலாரும், ஒரு நூலுக்குப் பாயிரம் சொல்ல உரியார் இன்னின்னார் என வகுக்குமிடத்து, ஆசிரியனையும் மாணாக்கனையும் உரைகாரனையும் சொன்னதோடு உடன்கற்றவனையும் சேர்த்து வைத்தார். ஒருவனுடைய பெருமையைப் பிறர் சொல்லவேண்டுமாயின், அவனுடைய சிறுமையையும் கண்டிருந்தவன் சொல்வதே பொருத்தம் என்று எண்ணினார் போலும்.

அப்படிப்பட்டவனை நெடுங்காலத்தின்பின் சந்திப்பது எப்பொழுதும் இனிதாக முடிவதில்லை. பரத்துவாசர் ஆசிரமத்திலே துரோணரோடு ஒன்றாகக் கற்று ஒன்றாக விளையாடிய துருபதன், பாஞ்சால அரசனானபின், வறுமையோடு தன்னைத் தேடிவந்த தோழனை நோக்கி, ஒத்தாருக்கு ஒத்தாரிடமன்றி நட்பு உண்டாவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். அந்த ஒரு வார்த்தையின் பகை குருக்ஷேத்திரம் வரைக்கும் போயிற்று. சாந்தீபனி முனிவரிடம் கண்ணனோடு கற்ற குசேலரோ கந்தைத் துணியில் முடிந்த அவலோடு துவாரகைக்குப் போனார். கண்ணன் அந்த அவலைப் பிடுங்கி உண்டான். ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள் பின்னாளிலும் ஒன்றாக இருந்து உண்ணலாமா என்பதே இரண்டு கதைகளிலும் உள்ள வினா. யாழ்ப்பாணத்திலே இந்த வினா இன்னும் முன்னாலே தொடங்கிற்று. கற்கும்பொழுதாவது ஒன்றாக இருக்கலாமா, ஒன்றாக உண்ணலாமா என்று நம்முடைய ஊர் நூறாண்டுக்கு மேலாகத் தன்னோடு தானே வழக்காடியது. அதனை எழுதவே இக்கட்டுரை.

நல்லூரிலே கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளும் இந்தச் சுற்றுவட்டாரத்திற் பல வீடுகளில் மச்சம் இல்லை. இலண்டனிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் ஊருக்கு வரும் காலமும் அதுவே. ஆதலால் பழைய வகுப்புத் தோழர்கள் கூடி உண்ணும் இராப்போசனங்களும் பெரும்பாலும் அந்த நாட்களிலே நடக்கின்றன. யாரேனும் ஒருவர் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, அல்லது ஒரு மண்டபத்தை எடுத்து, நரைத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் வாழையிலைக்கு முன்னால் இருப்பார்கள். இடியப்பமும் பிட்டும் சொதியும் வரும். பார்க்கும் இளைஞர்களுக்கு இது முதியோரின் பொழுதுபோக்காகத் தோன்றும். பொழுதுபோக்குத்தான், ஆனால் இந்தப் பந்தி இவ்வாறு அமைவதற்கு எத்தனை தடைகள் கடக்கப்பட்டன என்பதை அறிந்தவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று.

'வகுப்பு' என்ற கூட்டம் நமக்குப் புதியது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சட்டம்பியாரும் அவரைச் சூழ்ந்த பிள்ளைகளும் இருந்தார்களேயன்றி, ஒரே ஆண்டில் ஏறி ஒரே ஆண்டில் இறங்கும் வகுப்பு இருந்ததில்லை. இந்த ஏற்பாடு மிஷனரிமாரோடு வந்தது. 1823ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜோசப் நைற் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் போதகர் இதே நல்லூரிலே தம்முடைய வாசத்தலத்தில், சில பிள்ளைகளை மாத்திரம் வைத்து ஓர் ஆங்கில செமினரியைத் தொடங்கினார். அது 1840களிலே சுண்டிக்குளிக்குப் பெயர்ந்து, 1891இல் பரி. யோவான் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அதே 1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தன் செமினரியைத் திறந்தது. அதன் முதல் அதிபர் டானியல் பூர் அமெரிக்காவிலே டார்ட்மத் கல்லூரியிற் கற்றவர். அந்த நாட்டுக் கல்லூரிகளிலே ஓர் ஆண்டில் வெளியேறிய வகுப்பார் சாகும்வரை ஒரு வகுப்பாராகவே இருப்பது பெருவழக்கு. 1829ஆம் ஆண்டு ஹார்வர்டில் வெளியேறிய வகுப்பார் ஆண்டுதோறும் கூடி உண்டனர். அவர்களுள் ஒருவரான ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் என்னும் வைத்தியர் 1851 முதல் 1889 வரை அந்த விருந்துக்கென்றே பாட்டு எழுதிக்கொண்டு போவார். பாட்டுக்கள் கூடக் கூட, கேட்போர் குறைந்துகொண்டு வந்தார்கள்.

வட்டுக்கோட்டைக்கு வகுப்பு வந்தது. ஒன்றாய் உண்பது அவ்வளவு இலகுவாக வரவில்லை. தொடக்க காலத்திலே மிஷன் விடுதியில் தங்கிப் படிக்க உடன்பட்ட பிள்ளைகள், மிஷன் வளவுக்குள்ளே உண்ணமாட்டோம் என்றார்கள். கிறிஸ்தவர் கூரையின்கீழ் உண்டால் சாதியும் சமயமும் கெடும் என்று பெற்றார் அஞ்சினர். ஆகவே பக்கத்து வளவிலே, சைவர் ஒருவருடைய நிலத்தில், தனியே ஓர் அடுக்களை போடவேண்டியதாயிற்று. வானசாத்திரத்தையும் கணிதத்தையும் வேலிக்கு இந்தப் பக்கத்திலே படித்து, சோற்றை அந்தப் பக்கத்திலே உண்டனர். இதனை இன்று எண்ணி நகைப்பது எளிது. ஆனால் தன் வீட்டு அடுக்களையே தன் சமயத்தின் கடைசி அரண் என்று எண்ணிய ஒரு சமூகத்தின் அச்சத்தை நாம் முழுவதும் இகழ்ந்துவிடலாகாது. மதம் மாற்றும் நோக்கம் உண்மையாகவே இருந்தது. அதை எவரும் மறைக்கவுமில்லை.

அந்தச் செமினரியிற் கற்றவர்கள்தாம் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இவ்விருவரும் என்பது நம்மவர் அடிக்கடி எடுத்துரைக்கும் பெருமை. செமினரி 1855இல் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1867இலே, அதன் பழைய மாணவர்கள் ஒன்றுகூடித் தமக்கு ஓர் உயர்கல்லூரி வேண்டுமென முயற்சி தொடங்கினர். அதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. பழைய மாணவர் ஒன்றுகூடலை வெறும் பழங்கதை பேசும் இடம் என்று இகழ்வார்க்கு இந்த ஒரு செய்தி போதும். இல்லாமற் போன பள்ளிக்கூடத்தின் மாணாக்கர் கூடி ஒரு கல்லூரியையே எழுப்பினார்கள்.

சைவர் பக்கமும் வாளா இருக்கவில்லை. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்திலே ஆங்கிலம் கற்றுப் பின்பு 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியதும், 1890இல் அச்சபையின் பொறுப்பில் இந்துக் கல்லூரி உருப்பெற்றதும் இம்மலரின் வாசகர்கள் நன்கு அறிந்தவை. ஆதலின் விரிக்கவில்லை.

நிற்க. பழைய மாணவர் சங்கம் என்ற அமைப்பு நமது பெரிய கல்லூரிகளிலே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வேரூன்றியது. அதே ஆண்டுகளிலேதான் இரயிலும் வந்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய இரயில், 1905இல் கொழும்போடு இணைந்தது. இவை இரண்டும் ஒருங்கே நேர்ந்தது தற்செயல் என்று நாம் எண்ணவில்லை. ஊரைவிட்டுப் போகாதவன் தன் வகுப்புத் தோழனைக் கோயில் வீதியிலும் சந்தையிலும் செத்தவீட்டிலும் காண்கிறான். அவனுக்கு இராப்போசனம் எதற்கு? படித்தவன் கொழும்புக் கந்தோருக்கும், மலாயாவில் இரயில்வேக்கும் அரசாங்க அலுவலுக்கும் போனபின்னரே, நாள் குறித்துக் கூட வேண்டிய தேவை பிறந்தது. பிரிந்தவர்களுக்கே ஒன்றுகூடல். மலாயாப் பென்சனியர் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டித் திண்ணையில் இருந்தபொழுது, பேச்சுத் துணைக்கு அவர் தேடியது பெரும்பாலும் தம்மோடு படித்தவரையே.

அந்த நாளைய பழைய மாணவர் இராப்போசனம், சிறப்பாகக் கொழும்பிலே நடந்தது, முற்றாக ஆங்கில முறையிலே நடந்தது. மேசை, முள்ளு, கரண்டி, கோட்டு, கழுத்துப்பட்டி; மன்னர் நலத்துக்கு ஒரு கிண்ணம், கல்லூரி நலத்துக்கு ஒரு கிண்ணம்; பின்பு நீண்ட ஆங்கிலப் பேச்சு. கொழும்பு மேசையிலே யார் பக்கத்தில் யார் இருந்தார் என்று பெரிதாகப் பார்ப்பாரில்லை. இரயில் ஆனையிறவைத் தாண்டியதும் பார்வை திரும்பிவிடும். நகரத்திலே வெள்ளித் தட்டில் ஒன்றாக உண்டவர், ஊரிலே கலியாண வீட்டுப் பந்தியில் ஆள் பார்த்து இருந்தார். கோட்டோடு சமத்துவத்தையும் கழற்றிக் கொழும்பு அலுமாரியில் வைத்துவிட்டு வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அப்படியிருந்தும், பந்திக்கு வரக்கூடியவர்கள் வகுப்புக்கு வந்தவர்கள் மாத்திரமே. வகுப்புக்கு எல்லோரும் வரவில்லை. வந்தவருள்ளும் சிலருக்கு வாங்கு கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிக்கூடங்களில் நிலத்தில் இருந்தார்கள். சிலவற்றில் சுவருக்கு வெளியே நின்று கேட்டார்கள். இதனை மாற்றவேண்டும் என்று எழுந்த முழக்கமே 'சம ஆசனம், சம போசனம்' என்பது. ஆசனம் பள்ளிக்கூட வாங்கைக் குறித்தது. போசனம் விடுதிப் பந்தியைக் குறித்தது. 1924ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்திலே ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் கூட்டிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தீண்டாமையை ஒழிக்கப் பாடுபடுவதாக அது முதல் மகாநாட்டிலேயே தீர்மானம் செய்தது. அவர்களிற் பலர் ஒரே கல்லூரியில் ஒருசாலை மாணாக்கராயிருந்தவர்கள் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவர்கள் அழைப்பினாலேயே.

அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை 1929, 1930ஆம் ஆண்டுகளில் வந்தது. அதற்கு யாழ்ப்பாணம் கொடுத்த மறுமொழியை எழுதக் கை கூசுகின்றது. சம ஆசனத்துக்கு உடன்பட்ட பதின்மூன்று பாடசாலைகள் தீயிடப்பட்டன. நமது முன்னோர் கல்விக்கு உயிரைக் கொடுத்தவர்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதைக் காணச் சகியாமல் ஓலைக் கொட்டிலுக்குத் தீ வைத்தவர்களும் அந்த முன்னோருள் இருந்தார்கள். முதலாவதைச் சொல்லும் நா இரண்டாவதையும் சொல்லவேண்டும்.

வாங்கு மெல்ல மெல்லச் சமமாயிற்று. 1945இலே இலவசக் கல்வி வந்ததும் கூலிவேலை செய்வோர் பிள்ளைகளும் கல்லூரி வாசலை மிதித்தனர். பந்தி அவ்வளவு விரைவிற் சமமாகவில்லை. எழுத்துக் கற்பதிலும் பார்க்கக் கூடி உண்பதே நமது சமூகத்துக்குக் கடினமாயிருந்தது. 1956இலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படச் சில பெருங்கோயில்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. கோயிலுக்குள் முருகனை ஒன்றாகக் கும்பிட்டவர்களிற் சிலருக்கு, வெளியே தேநீர்க் கடையிலே போத்தலில் தேநீர் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கிளாசில் கொடுத்தார்கள். 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் இதனைத் தொடர்ந்தவை. அந்த ஆண்டுகளிலே வகுப்பில் இருந்தவர்கள்தாம் இன்று எண்பதை அண்டிய பழைய மாணவர்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடுவிலிலே பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. சேர் பொன். இராமநாதன் 1913இலே சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரி கண்டார். யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943இல் வந்தது. ஆனால் பழைய மாணவர் இராப்போசனம் என்றால் நெடுங்காலம் ஆண்கள் உண்ண, பெண்கள் அடுக்களையில் நிற்பதாகவே இருந்தது. அடுக்களையில் நின்றவளும் ஒரு கல்லூரியிற் கற்றவள், அவளுக்கும் ஒரு வகுப்பு உண்டு என்று எவருக்கும் தோன்றவில்லை. இப்பொழுது பேத்தி கண்ட அம்மாமார் தாங்களே நாள் குறித்துக் கூடுகிறார்கள். அவர்களுடைய பந்தியில் பேச்சு நீளம், பேருரை இல்லை. ஆண்கள் இதைப் பார்த்துப் படிக்கலாம்.

எமது சங்கத்து இளைஞர்கள் இத்தகைய பந்திகள் சிலவற்றிலே பரிமாறப் போனதுண்டு. ஒரு பந்தியிற் கண்டதைச் சொல்கிறோம். ஊரையும் பள்ளிக்கூடத்தையும் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறோம். வந்திருந்தவர்களுள் ஒருவர் தம் சாதிப் பிள்ளைகளுள் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்பை எட்டியவர். வகுப்பிலே அவருக்கு வாங்கு இருந்தது. மத்தியான மணி அடித்ததும் அது இல்லாமற் போய்விடும். மற்றவர்கள் விடுதிக்கும் அயலில் உள்ள உறவினர் வீடுகளுக்கும் உண்ணப் போக, இவர் கொண்டுவந்த பொட்டலத்தை மரத்தடியில் அவிழ்ப்பார். கிணற்றில் அள்ள இயலாது. யாரேனும் அள்ளி ஊற்றினால் இரு கையாலும் ஏந்திக் குடிப்பார். இலை போட்டு எல்லோரும் இருந்தபின், அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "படிக்கேக்கை உங்களோடை ஒருநாளும் நான் சாப்பிடேல்லை. இண்டைக்குத்தான்."

பந்தி முழுவதும் பேச்சு நின்றது. பின்பு அந்த வகுப்பாருள் ஒருவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், முழங்கால் நோவோடு எழுந்து வந்து எமது கையிலிருந்த சொதி வாளியை வாங்கினார். வரிசையின் தலைப்பில் தொடங்காமல் நேரே அவரிடம் போனார்.

"டேய், சொதி விடட்டோ?"

"விடு, விடு. இடியப்பம் மிதக்க விடாதை."

எல்லோரும் சிரித்தார்கள், பேச்சுத் திரும்பவும் தொடங்கிற்று. ஒரு வாளி சொதி அறுபது ஆண்டுக்கு ஈடாகுமோ என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வோம். ஆயினும் அந்த எஞ்சினியர் தம் வீட்டுக் கலியாணப் பந்தியிலும் இவ்வாறு வாளி தூக்குவாரா என்று எம்முள் ஒருவர் அன்றிரவு கேட்ட கேள்விக்கு எமக்கு விடை தெரியவில்லை. சம போசனத்தின் மிச்சக் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

பந்தி ஒருவாறு திறந்த காலத்திலே உண்பவர்கள் சிதறிப் போனார்கள். 1983 ஜூலைக்குப் பின் புறப்பட்டவர்கள் பலர். 1987 அக்டோபர் யுத்தத்திலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அகதிகளால் நிறைந்தன. பழைய மாணவர் சிலர் தாம் படித்த வகுப்பறைத் தரையிலேயே குடும்பத்தோடு படுத்தெழும்பினர். 1990இலே இரயில் நின்றது. 1995 அக்டோபர் 30ஆந் தேதி இரவு, மழையிலே, நல்லூர் உட்பட வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எடுத்துக்கொண்டு போன பைகளிலே வகுப்புப் படத்துக்கு இடமிருந்த வீடுகள் சிலவே. இரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 அக்டோபர் 13இலே. இருபத்துநான்கு ஆண்டு. அதற்குள் ஒரு வகுப்பார் நடுவயதிலிருந்து முதுமைக்குப் போய்விட்டார்கள்.

ஆதலால் இப்போதைய இராப்போசனத்திலே முதல் அலுவல் பெயர் வாசிப்பதே. யாரோ ஒருவர் நினைவிலிருந்து எழுதிய பட்டியலை எடுத்து, பழைய வகுப்பு இடாப்பு வரிசையிலே, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாசிப்பார். ஒரு பெயருக்கு 'இருக்கிறேன்' என்று குரல் வரும். இன்னொரு பெயருக்கு யாரேனும் நாட்டைச் சொல்வார்கள். வேறொன்றுக்கு ஆண்டைச் சொல்வார்கள். சில பெயர்களுக்கு நாடும் தெரியாது, ஆண்டும் தெரியாது. வாசிப்பவர் சற்றே நிறுத்தி அடுத்த பெயருக்குப் போவார். பட்டப்பெயர் மாத்திரம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இடாப்பு முடிந்ததும் தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைப்பார்கள். நல்லூரிலே இரவு ஏழரை மணியென்றால் இலண்டனிலே பிற்பகல் மூன்று, ரொறன்ரோவிலே காலை பத்து, சிட்னியிலே நள்ளிரவு. நாம் பரிமாறிய அந்தப் பந்தியிலே சிட்னிக்காரர்தாம் முதலில் வந்தார். போர்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, முகம் முகமாகப் பார்த்தார். சொதி வாளியோடு நின்ற எஞ்சினியரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மரத்தடியில் உண்டவரை உடனே தெரிந்தது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பின்பு கண்ணாடிக்கு இன்னும் அருகே வந்து இலையைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன கறியடாப்பா இண்டைக்கு?"

மரத்தடிக்காரர் இலையைத் தூக்கிக் காட்டினார்.